அவருக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 63. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டினேன். தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. என் மகனுக்கு வயது 29, டவுன் சிண்ட்ரோம். வீட்டுக்காரர் நான்கு வருடத்துக்கு முன்பு, 57 வயதில், வேலையில் இருந்தபோதே நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. வீடு இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. சொக்சோவிலிருந்து (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) எனக்கு மாதம் கொஞ்சம் வருகிறது. எனக்குச் சர்க்கரை, முட்டி வலி. மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். "தம்பியை நான் கூட்டிக்கொள்கிறேன்" என்கிறாள், மருமகன் வாயைத் திறப்பதில்லை. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஈப்போவில் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடு, உனக்குப் பிறகு யார் பார்ப்பார்?" என்கிறார்கள். நல்ல இல்லமாக ஒன்று சொல்லுங்கள். மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட், பேராக்

பதில்:

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை முதலில் ஒருமுறை வேகமாகப் படித்தேன். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். கோயிலில் பார்க்கிறவர்கள் சொன்னது அதில் இருக்கிறது, மகள் சொன்னது இருக்கிறது, மருமகன் சொல்லாததுகூட இருக்கிறது. உங்கள் மகன் சொன்னது மட்டும் ஒரு வரியும் இல்லை. குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: "காலையில் எனக்கு முன்னால் எழுந்து சாமிக்கு விளக்கேற்றி, கோழிக்குத் தீனி போட்டுவிட்டு, முனைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவான். மீதிக் காசுதான் எண்ணத் தெரியாது." அந்த வரியின் கீழ் கோடு போட்டேன். நான் சொல்லப்போவது எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான்.

இன்னொன்று. உங்களுக்கு அவர் எந்த வயதிலும் "அவன்"தான், அது தாய்க்குரிய உரிமை. நான் "அவர்" என்றே எழுதுகிறேன். 29 வயது ஆண்பிள்ளை. அவர் வயதுக்காரர்களை ஊர் "தம்பி, என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்கிறது. இவரைப் பார்த்ததும் மட்டும் கன்னத்தைக் கிள்ளி "சாப்பிட்டியா?" என்கிறது.

நீங்கள் இல்லத்தின் பெயர் கேட்டீர்கள். நான் சொல்லப்போவதில்லை. நல்ல இல்லங்கள் இல்லாமல் இல்லை. முட்டி அறுவை சிகிச்சைக்காக நீங்கள் சில வாரம் படுக்க நேர்ந்தால், அந்த நாட்களுக்கு ஒரு நல்ல இடம் தேவைப்படலாம். அப்போது போய்ப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு செய்த சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள், அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். ஆனால் ஆயுள் முழுக்க என்றால், முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். இல்லத்துக்குப் போனால் விளக்கு போகும், கோழி போகும், முனைக் கடை போகும், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர்கள் போவார்கள். இத்தனையையும் கொடுத்துவிட்டு அவர் வாங்கப்போவது என்ன? மீதிக் காசு எண்ணவும், மாத்திரை எடுத்துத் தரவும், ராத்திரியில் கதவைச் சாத்தவும் ஓர் ஆள். அந்த ஆளை உங்கள் வீட்டுக்கே வரவைத்தால் போதாதா?

வீடு வேறு, உதவி வேறு அம்மா. மாற்றுத்திறனாளிகள் உதவியோடு சுயமாக வாழ்வது பற்றி உலகம் ஐம்பது வருடமாகப் பேசுவதில் கருவான விஷயம் இதுதான். இல்லம் என்பது இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது. உதவி வேண்டுமா, உன் வீட்டை விட்டுவிட்டு வா என்கிறது. 1972-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே ஒரு மையத்தைத் தொடங்கி இதை மறுத்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இருக்கிறோம், எங்களுக்கு வேண்டிய உதவி எங்களைத் தேடி வரட்டும், எப்போது வரவேண்டும் என்பதையும் நாங்களே சொல்கிறோம் என்றார்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போல அவர்களும் தேர்ந்துகொள்ளலாம், அதற்கான உதவி வீட்டுக்கே கிடைக்க வேண்டும். மலேசியா 2010-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2008-ல், மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்துவிட்டது.

சரி, சட்டம் இருக்கட்டும், வீட்டுக்கு யார் வருவார் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் 2013-ல் தொடங்கிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டத்தில், ஒருவருக்குத் தினம் இத்தனை மணிநேர உதவி வேண்டும் என்று கணக்கிட்டு அரசாங்கமே அதற்குப் பணம் தருகிறது. நம் ஊரில் அப்படி மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் திட்டம் இல்லை. இங்கே நாமேதான் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்க முடியும். தைத்த குடும்பங்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பேச்சு வராது, கணக்கும் வராது. ஆனால் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டுவது அவர்தான். அவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா இல்லையா என்பது எங்கள் வரிசைக்கே தெரியும். யாரும் அதற்குத் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை. அதே லயத்தில் இன்னொரு வீட்டில், தாயும் தகப்பனும் விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) போகும்போது ஒரு பையனின் காலைக் கயிற்றால் தூணில் கட்டிவிட்டுப் போவார்கள். வேறு வழி தெரியாமல் அழுதுகொண்டே கட்டுவார்கள். அதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாமானுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு வந்துவிட்டது. முன்பு நாற்பது கண்கள் பார்த்ததை இப்போது உங்கள் இரண்டு கண்கள் மட்டும் பார்க்கின்றன. அந்த நாற்பதில் ஐந்தாறையாவது திரும்பக் கூட்டி வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் வீடு. இதை நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உங்கள் வீட்டுக்காரர் உயில் எழுதவில்லை. அவருடைய தாய் தகப்பன் முன்பே காலமாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பிள்ளைகள் இருவர். ஆக உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது, அம்மா. எந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று ஊரே யோசிக்கிற ஆள், ஒரு வீட்டின் பங்குக்காரர். டவுன் சிண்ட்ரோம் இருப்பதால் அந்தப் பங்கு குறையாது.

பெயர் மாற்றத்தை இனியும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதிரி சிறிய சொத்துக்கு நில அலுவலகத்திலேயே மனு செய்யலாம், எடுத்ததும் வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை. அங்கேயோ, உறவினர் யாராவதோ, "பையன் பங்கை மகள் பேருக்கு மாற்றிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும்" என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மகள் நல்லவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மகளுக்கு நாளைக்கு ஒரு கடன் வரலாம், கல்யாண வாழ்க்கையில் ஒரு சிக்கல் வரலாம். அப்போது தம்பியின் வீடும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும். அவர் பங்கை ஓர் அறங்காவலர் பொறுப்பில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அமானா ராயா இதற்கென்றே இருக்கிற அமைப்பு. உங்கள் சொந்தப் பங்குக்கு நீங்கள் உயில் எழுதுங்கள். மகன் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம், அவருக்குப் பிறகே யாருக்கும் போகும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். மகளையோ மருமகனையோ சாட்சியாக உட்காரவைத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

அப்புறம், பணம். சொக்சோ உங்களுக்கு மட்டும்தான் வருகிறதா, மகனுக்கும் சேர்த்து வருகிறதா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு மட்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்த ஓய்வூதியத்தில் விதவைக்கு 3/5, பிள்ளைகளுக்கு 2/5. பிள்ளைகளின் பங்கு சாதாரணமாக 21 வயதோடு நின்றுவிடும். ஆனால் உடலாலோ மூளை வளர்ச்சியாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் தவறியபோது மகனுக்கு 25 வயது, "வயசு தாண்டிடுச்சு" என்று யாராவது சொல்லி, நீங்களும் சரி என்று திரும்பியிருக்கலாம். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை), டாக்டர் கடிதம், பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். இந்தப் பதிலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

சமூகநல இலாகாவில் இரண்டு வகை மாத உதவி இருக்கிறது. வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கு ஒன்று, குறைந்த சம்பளத்தில் வேலை செய்கிற மாற்றுத்திறனாளிக்கு இன்னொன்று. 2021-ல் முதலாவதை 250 வெள்ளியிலிருந்து 300-க்கும், இரண்டாவதை 400-லிருந்து 450-க்கும் உயர்த்தினார்கள். இன்றைய தொகையையும் வருமான வரம்பையும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. "வேலைக்குப் போனால் உதவிப் பணம் நின்றுபோகும்" என்று பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். வேலை செய்பவருக்கான தொகைதான் அதிகம்! அதோடு சம்பளமும் வரும். ஒன்று நின்றால் இன்னொன்றுக்கு மனு செய்யலாம். வேலைக்கு அனுப்பும் முன்பு, சொக்சோ பங்கை அது பாதிக்குமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

வேலை என்றால் பெரிதாக யோசிக்க வேண்டாம். காலை மூன்று மணிநேரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைப்பது, ஒரு மினி மார்க்கெட்டில் பொருள் அடுக்குவது. சமூகநல இலாகாவில் வேலைப் பயிற்றுநர் ஒருவரைக் கேட்டு வாங்கலாம். 'ஜாப் கோச்' என்பார்கள். அவர் முதல் சில நாட்கள் கூடவே நின்று, முதலாளிக்கும் சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்ல விலகிக்கொள்வார். உங்கள் மகன் அப்பா இறந்த பிறகு பி.டி.கே.வுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம்) போவதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், மோட்டாரில் கொண்டுபோய் விட ஆள் இல்லாததால். திரும்பப் போகட்டும். 1984-ல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது, இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட மையங்கள். போக்குவரத்துக்கு வழி உண்டா, ஆள் வீட்டுக்கு வந்து சொல்லித்தர முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வீட்டுக்கே தொண்டர்கள் வந்து உதவும் 'கிட்மாட் பந்து டி ரூமா' பற்றியும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் 'ஓ.டி.' என்பார்கள். அன்றாட வேலைகளைச் செய்யக் கற்றுத்தருவதுதான் எங்கள் பிழைப்பு. சோறு ஆக்கத் தெரியாத ஒருவருக்குச் சொல்லித்தரும்போது எல்லோரும் முதல் படியிலிருந்து தொடங்குவார்கள்: அரிசியை அள. ரெண்டு தரம் அளப்பார், சிந்தும், அம்மா பிடுங்கிக்கொள்வார். நாங்கள் கடைசியிலிருந்து தொடங்குவோம். அரிசி அளப்பது, கழுவுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள். ரைஸ் குக்கரின் சுவிட்சை அழுத்துவது மட்டும் அவர். "சோறு ஆக்கிட்டேன்" என்று அவர் சொல்லட்டும், உண்மையும் அதுதான். அது கைக்கு வந்ததும் மூடி போட்டுச் சுவிட்சை அழுத்துவது. பிறகு தண்ணீர் வைத்து, மூடி போட்டு, சுவிட்சை அழுத்துவது. தண்ணீர் அளவுக்குச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு டம்ளரில் கோடு போட்டுவையுங்கள், அந்த டம்ளர் வேறு எதற்கும் கூடாது. இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினால், ஒவ்வொரு நாளும் அவர் வேலையை முடித்தவராகவே எழுந்து போவார்.

கோலகங்சார் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தேத்தண்ணீர் கலக்கப் பழக்கினேன். மூன்று வாரம் ஆகியும் கடைசியில் அம்மாதான் கரண்டியை வாங்கிக் கலக்கினார். அம்மாவுக்கே தெரியவில்லை, கை தானாகப் போகிறது. நான்காவது வாரம் அம்மாவை வாசலில் உட்காரவைத்து ஒரு முறம் கீரையைக் கொடுத்தேன், கை சும்மா இருக்கக் கூடாது என்று. உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா எழுந்தார், நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். தட்டு முழுக்கத் தேத்தண்ணீர், டம்ளரில் பாதி. அம்மா அதைக் குடித்தார். உங்கள் வீட்டிலும் கீரை ஆயுங்கள், அம்மா. கேஸ் அடுப்பு வேண்டாம், தோம்பை (சிலிண்டரை) மாற்றுவது உங்களுக்கே சிரமம். மின்சார அடுப்பு போதும்.

மீதிக் காசுக்கு வருவோம். எண்ணப் பழக்கி வருடங்களை வீணாக்காதீர்கள். 'ஒரு வெள்ளி கூட' என்ற முறை இருக்கிறது. கடைக்காரர் மூன்று வெள்ளி நாற்பது காசு என்றால், அவர் காதில் விழ வேண்டியது "மூன்று" மட்டும்தான். மூன்று நோட்டு எண்ணி, மேலே ஒன்று வைத்து நீட்ட வேண்டும். மீதி எவ்வளவு வந்தாலும் அது உண்டியலுக்கு. அவர் பையில் ஒரு வெள்ளி நோட்டுகள் மட்டும் இருக்கட்டும். ஒரு வெள்ளியும் ஐம்பது வெள்ளியும் நீலச் சாயலில் இருப்பதால், கண் பார்வை கொஞ்சம் மங்கினாலும் தடுமாறிப்போகும். முனைக் கடைக்காரரிடம் இதை நீங்கள் சொல்லிவிட வேண்டும். அவரும் உங்கள் ஐந்தாறு பேரில் ஒருவர்.

அந்த ஐந்தாறு பேர் யார்? பக்கத்து வீட்டில் ஒருவர், முனைக் கடைக்காரர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், உங்கள் சொந்தத்தில் ஒருவர், ஜொகூரிலிருந்து மகள், முடிந்தால் தினம் இரண்டு மணிநேரம் சம்பளத்துக்கு வரும் ஒருவர். சொக்சோ பங்கு கிடைத்தால் அந்தச் சம்பளத்துக்கு அதுவே வழி. ஒவ்வொருவரிடமும் சின்னதாக, எல்லை வைத்துக் கேளுங்கள். "என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் எவரும் பயந்து விலகுவார்கள். "ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு முன்விளக்கு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்" என்றால் யார் மறுப்பார்? உங்கள் மருமகனின் மௌனத்தையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். ஒரு மனிதரின் முழு ஆயுளை அவர் தலையில் வைக்கிறோம், அவர் என்ன சொல்ல முடியும்? மாதம் ஒருமுறை வந்து கணக்குப் பார்க்கவும், வீட்டில் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யவும் முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். வாய் திறக்கக்கூடும். மகளும் தம்பியைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். தம்பி வீட்டை எட்ட இருந்து கண்காணிக்கிற அக்காவாக இருக்கட்டும். ஜொகூருக்குக் கூட்டிப்போனால், நல்ல மனதோடு செய்தாலும், அதுவும் ஓர் இல்லம்தான். அங்கே அவருக்குக் கோழியும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உங்கள் தலைக்குள் இருப்பதை எல்லாம் எழுதி வையுங்கள். எந்த மாத்திரை எப்போது. வயிறு வலித்தால் வலிக்கிறது என்று சொல்வாரா, கதவோரம் போய் உட்கார்ந்துகொள்வாரா. இடி இடித்தால் என்ன செய்வார். இவையெல்லாம் இன்றைக்கு உங்களுக்கு மட்டுமே தெரியும். நள்ளிரவில் உங்களுக்குச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் அத்தனையும் உங்களோடு வண்டியில் ஏறிப் போய்விடும்.

பிறகு ராத்திரிகள். முதலில் ஒரே ஓர் இரவு நீங்கள் பக்கத்து வீட்டில் தூங்குங்கள். தூக்கம் வராது, தெரியும். அடுத்து சனி ஞாயிறு. அடுத்து மகள் வீட்டில் ஒரு வாரம், இங்கே சொந்தக்காரர் ஒருவர் அவரோடு தங்கட்டும். உங்களுக்குப் பிறகு நடக்கப்போவதை நீங்கள் இருக்கும்போதே ஒத்திகை பார்க்க வேண்டும். தாயைப் பறிகொடுத்த அதே வாரத்தில் வீட்டையும் பறிகொடுத்து இல்லத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சாப்பிட மறுப்பார்கள். "அடம்" என்று எழுதிவைப்பார்கள். அது துக்கம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இவர்களின் வங்கி அட்டையை வாங்கி மோசடிப் பணத்தை அதன் வழியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கித் தந்து ஆலோங் (கந்துவட்டிக்காரர்) கடனுக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தொடக் கூடாத இடத்தில் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆணென்றும் பார்ப்பதில்லை. அட்டையும் பின் நம்பரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, உடம்பில் யாராவது கை வைத்தால் கத்த வேண்டும், அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள், நடித்தும் காட்டுங்கள். நடந்துவிட்டால் போலீஸ், அல்லது 15999 தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவி எண். இந்தக் கொடுமைகள் நான்கு சுவருக்குள்ளும் நடக்கின்றன, இல்லங்களிலும் நடக்கின்றன. பார்க்கிற கண்கள் அதிகம் உள்ள இடத்தில்தான் குறைவாக நடக்கும்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலர் இப்போது அறுபது வயதுவரை வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்களின் சராசரி ஆயுளே இருபத்தைந்துதான். வருடம் ஒருமுறை தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, காது, கண் இவற்றைப் பார்க்க வேண்டும். மந்தமாகிவிட்டார், சோம்பல் என்று நாம் நினைப்பது சில சமயம் தைராய்டுதான். நாற்பதைத் தாண்டியதும் ஞாபக மறதி நோய் இவர்களுக்குச் சீக்கிரம் வரலாம். அதற்குக் காரணம் அந்தக் கூடுதல் 21-ஆவது குரோமோசோமிலேயே இருக்கிறது. அப்போது தினம் இரண்டு மணிநேர உதவி ஆறாகலாம், இரவுக்கும் ஆள் வேண்டியிருக்கலாம். உதவியைக் கூட்டிக்கொண்டே போகலாம். மறதி வந்தவருக்குப் பழகிய அடுப்படியும் பழகிய வாசலும்தான் கடைசிவரை கைகொடுக்கும்.

சட்டப்படி ஒரு சின்ன விளக்கம். பதினெட்டு வயதோடு அவர் பெரியவர். தாய் என்பதால் மட்டும் நீங்கள் அவருக்குச் சட்டப் பாதுகாவலர் இல்லை. 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவர் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வழி உண்டு. பெரிய சொத்தோ, பெரிய தகராறோ வந்தால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம். அது அவருடைய முடிவெடுக்கும் உரிமையை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிற காரியம்.

இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். அவரைக் கேளுங்கள். "இல்லத்துக்குப் போறியா?" என்று கேட்காதீர்கள். இவர்களில் பலர் அம்மாவின் முகத்தைப் பார்த்து எதற்கும் "ம்" என்பார்கள். படங்களை வைத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் படம், அக்கா வீட்டுப் படம், கோழிக்கூண்டு, கோயில், பழைய பி.டி.கே. போட்டோ, யார் யாரோடு ஒரே வீட்டில் இருக்க, சாப்பிட ஆசை என்று முகங்களின் படம். மேசையில் பரப்பி வைத்து, எது வேண்டும் என்று எடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் விட்டு, படங்களை மாற்றி அடுக்கி மறுபடியும் கேளுங்கள். இரண்டு தரமும் ஒன்றையே எடுத்தால் அதுதான் அவர் பதில். அந்த நேரம் நீங்கள் கூட இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, மகள் வரும்போது அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.

என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள். சொக்சோவில் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள், மறுத்தால் அந்தக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உறையில் தபால்தலையை ஒட்டி அவரிடம் கொடுத்துவிடுங்கள். தபால் பெட்டியில் அவரே கொண்டுபோய்ப் போடட்டும்.